நாலு மணிக்கு வந்த போன்

முதுகுக்குப் பின்னால் அவளை டீச்சரம்மா என்போம். நேரில் மேடம். அந்த மேடத்தையும் நான் இழுக்கிற இழுப்பில் மரியாதை கம்மியாகவும் நக்கல் ஜாஸ்தியாகவும் இருக்கும். அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் ஒரு நாள்கூட முகத்தில் காட்டியதில்லை. வினோதினி என்பது பெயர். போளூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து, பி.காம். படித்து, வேலூரில் ஒரு சோப்பு ஏஜென்சியில் வேலை பார்த்துவிட்டு, 1997இல் தை பிறந்ததும் எங்கள் கம்பெனிக்கு வந்தாள். அவளுக்கு முப்பத்தொன்று. எனக்கு நாற்பத்தாறு. இந்த வயதில் ஒரு சின்னப் பெண்ணிடம் உட்கார்ந்து கற்பூரம் விற்கக் கற்றுக்கொள்வதா என்று எனக்கு அப்படியொரு எரிச்சல்.

நான் அப்பாசாமி. மலைச்சுடர் கற்பூரம் என்று பாக்கெட்டில் அச்சடித்து விற்ற கம்பெனியில் விற்பனை ஆள். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வேங்கிக்காலில் ஒரு கிடங்கு, அதன் முகப்பில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை, வில்லை அடிக்கிற மெஷின் இரண்டு, பாக்கெட் போடும் பெண்கள் ஏழெட்டுப் பேர், விற்பதற்கு நாங்கள் நாலு பேர். நான், முருகையன், இருசப்பன், காசியம்மாள். காசியம்மாளுக்கு எங்கள் மூன்று பேரைவிட வாயும் பெரிது, வியாபாரமும் பெரிது. முதலாளி ராஜமாணிக்கம் அதிகம் பேச மாட்டார், பார்த்துக்கொண்டே இருப்பார்.

எங்களுடையது மாதத்தில் ஒரு நாள் வேலை. பௌர்ணமி வந்தால் மலை சுற்றும் பாதையில் ஆளுக்கு ஓர் இடத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து, வருகிற ஜனத்துக்குக் கற்பூரம் விற்போம். விற்றதற்குக் கமிஷன். மற்ற நாளில் பஸ் ஸ்டாண்டு பக்கம் நாலு கடைக்குச் சரக்குப் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டு கிடப்போம். அடி அண்ணாமலையில் வாய்க்கால் மதகை ஒட்டி ஒரு புளியமரம். அதன் கீழே என் இடம். எங்கள் ஜில்லா தனியாகப் பிரிந்த வருஷம், 1989இல், நான் அங்கே உட்கார ஆரம்பித்தேன். பாதையில் இடம் என்றால் அதற்குப் பட்டா கிடையாது. ஒரு பௌர்ணமி நாம் உட்காராவிட்டால் அடுத்த பௌர்ணமி வேறொருவன் உட்கார்ந்திருப்பான். அந்தப் புளியமரத்துக்காக ஒரு பூக்காரனின் சட்டையைப் பிடித்திருக்கிறேன்.

வருஷத்துக்கு வருஷம் கூட்டம் ஏறியது. கூட்டம் பத்து மடங்கு ஏறினால் கற்பூரம் விற்கிறவன் இருபது மடங்கு ஏறினான். எவனெவனோ எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து கொட்டினான். ராஜமாணிக்கம் இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். பக்கத்தில் புதிதாக வந்த வினோதினி.

"மலைக்கு வர்றவன் இங்க எறங்கி எவன்கிட்டயோ வாங்கறான். அவன் அவனோட ஊர்ல பஸ் ஏறும்போதே நம்ம பாக்கெட்டு அவன் பையில இருக்கணும். இனிமே பௌர்ணமிக்கு மொத நாளும் பௌர்ணமி அன்னிக்கும் நீங்க நாலு பேரும் வெளியூர்க் கடைங்கள்ல இருக்கணும். பாதையில ஒருத்தர் நிக்கக் கூடாது. மத்த நாள்லயும் ரூட்டு உண்டு. மாசி, பங்குனி, சித்திரை. மூணு பௌர்ணமி பார்ப்பேன். சரியா வந்தா உங்களுக்கு மாசச் சம்பளம். வரலன்னா மலைச்சுடர்ங்கிற பேரை மெட்ராஸ்காரன் ஒருத்தன் கேக்கறான், குடுத்துட்டுப் போயிடுவேன். இந்தம்மா உங்களைத் தயார் பண்ணுவாங்க."

அவர் சொன்னது அவ்வளவுதான். மூன்று பௌர்ணமிக்குள் எங்கள் நாலு பேரை வழிக்குக் கொண்டுவந்தால் அவளுக்கும் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அவளோடு சேர்ந்து எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்கு மனசில் ஓடியது ஒன்றே ஒன்று. என் புளியமரம் போச்சு.

மறுநாளே பாடம் ஆரம்பித்துவிட்டது. கண்ணாடி அறைச் சுவரில் ஜில்லா மேப்பை ஒட்டி, அதில் கலர் கலராகக் குண்டூசி குத்தினாள். செங்கம் எனக்கு, போளூர் முருகையனுக்கு, தண்டராம்பட்டு இருசப்பனுக்கு, கலசபாக்கம் காசியம்மாளுக்கு. ஒவ்வொரு ஊரிலும் எந்தக் கடைக்கு எந்தக் கிழமை போக வேண்டும் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தாள். அப்புறம் எங்களில் ஒருவரைக் கடைக்காரராக உட்காரவைத்து, இன்னொருவரை விற்கப் போகச் சொன்னாள்.

காசியம்மாள் கடைக்காரியாக உட்கார்ந்தாள். முருகையன் பையோடு போய் நின்றான்.

"வணக்கம்மா. மலைச்சுடர் கற்பூரம்..."

"இன்னும் போணியே ஆகல. அதுக்குள்ள வந்துட்டான் பையத் தூக்கிக்கினு. போய்ட்டு அப்பறமா வா."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். வினோதினியும் சிரித்தாள். சிரித்துவிட்டு, "அப்படிச் சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். முருகையன் தலையைச் சொறிந்தான். காசியம்மாள் விளையாட்டுக்குச் சொன்னாள் என்றுதான் வினோதினி நினைத்தாள். சோப்பு ஏஜென்சியில் பெரிய கடைகளுக்கு வேனில் சரக்கு இறக்கியவளுக்குச் சின்ன ஊர்ப் பெட்டிக்கடை தெரியாது. காலையில் முதல் வியாபாரம் நடந்து கல்லாவில் காசு விழுவதற்கு முன்னால், சரக்கு விற்கவோ பணம் கேட்கவோ எவன் கடை வாசலில் கால் வைத்தாலும் அந்தக் கடைக்காரனுக்கு அன்றைய நாளே போச்சு. எங்கள் நாலு பேருக்கும் அது தெரியும். அவள் எழுதிக் கொடுத்த அட்டையில் முதல் கடைக்குக் காலை ஏழு மணி என்று போட்டிருந்தது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. என்ன கெட்ட புத்தி எங்களுக்கு.

முதல் நாள் என்னோடு செங்கத்துக்கு அவளே வந்தாள். ஏழு மணிக்குக் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடை திறந்து, தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். "நீங்க பாருங்கண்ணே, நான் பேசறேன்" என்று விடுவிடுவென்று ஏறிப் போனாள். நான் எதிர்ப்புறம் டீக்கடை ஓரமாக நின்றுகொண்டேன். கடைக்காரர் அவளைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. கற்பூரம் விற்க வந்தாயா, என் கடையைக் கொளுத்த வந்தாயா என்பதுதான் அதில் மரியாதையான பகுதி. தெருவே பார்த்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணே, இது?"

"தெரியும் மேடம்."

"சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலையே."

அவள் பையிலிருந்து அட்டையை எடுத்து, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாக் கடைகளின் நேரத்தையும் அடித்துத் திருத்தினாள். போணி ஆகிற நேரம் எது, வெள்ளிக்கிழமை யார் யார் கையிலிருந்து காசு கொடுக்க மாட்டார்கள், எந்தக் கடையில் ஆத்தாவிடம் பேச வேண்டும், எந்தக் கடையில் மகனிடம் பேச வேண்டும் என்று ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். பதினோரு மணிக்கு அதே மளிகைக் கடைக்கு மறுபடி போனாள். இந்த முறை பேசவே இல்லை. ஒரு தட்டைக் கேட்டு வாங்கி, அதில் ஒரு வில்லையை வைத்துக் கொளுத்தி, எரிந்து முடியும்வரை நின்றாள். தட்டில் ஒரு பொட்டுக் கரி இல்லை. கடைக்காரர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு இரண்டு டஜன் எடுத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள்ளே பரவாயில்லையே என்று இருந்தது. வெளியே சொல்லிவிடுவேனா நான்?

மத்தியானம் நாங்கள் நாலு பேரும் கிடங்கில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்தக் கிடங்கில் வைத்த சோறு எல்லாம் கற்பூர வாசனை அடிக்கும். எலுமிச்சை சாதம் கொண்டுபோனாலும் கற்பூரம், மோர் கொண்டுபோனாலும் கற்பூரம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே சாப்பிடுவோம். வினோதினி கண்ணாடி அறையில் தனியாகச் சாப்பிடுவாள். ஒரு நாள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தாள். இருசப்பன் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். ஒருவரும் பேசவில்லை. ஒருவரும் நகர்ந்து இடம் விடவுமில்லை. அவள் டிபன் பாக்ஸைத் திறக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். "போன் வந்தாலும் வரும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு வரவே இல்லை.

அவளுக்கு அம்மா இல்லை, அப்பா இல்லை. ஓர் அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், தீபாவளிக்குக்கூட வரமாட்டான். பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு மூன்று முறை வந்து போனதோடு சரி. வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய வீடுகளுக்கு நடுவே ஓர் அறை எடுத்துக்கொண்டு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆபீசுக்கு வந்து, யாரும் இல்லாத கிடங்கில் மேப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று வாட்ச்மேன் சொல்வான். நாங்கள் அதற்கும் சிரித்தோம். மேப்பைக் கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துது என்றாள் காசியம்மாள்.

மாசி பௌர்ணமிக்கு நாலு நாள் முன்னால் அவள் ஒரு காகிதம் டைப் அடித்து எடுத்துவந்தாள். மூன்று பௌர்ணமிக்குப் பாதைக்குப் போகமாட்டோம், கொடுத்த ஊரில் இருப்போம் என்று எழுதி, கீழே நாலு கையெழுத்துக்கு இடம். கையெழுத்து என்றதும் எங்களுக்குக் கிலி. நாளைக்கு எதற்காவது இழுத்துவிட்டால்?

காசியம்மாள்தான் பேசினாள். "காகிதம்லாம் எதுக்கு மேடம்? நாம இன்னா விக்கிறோம்? கற்பூரம். கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்றோம். அதுக்கு மேல இன்னா வேணும் உங்களுக்கு?"

எங்கள் பக்கம் கற்பூரம் அணைத்த சத்தியத்தை ஒருவரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்ன வார்த்தையை மீறினால் குடும்பம் விளங்காது. வினோதினி சம்மதித்தாள். எங்கள் வில்லையையே ஒரு தட்டில் வைத்துக் கொளுத்தினோம். காசியம்மாள் அடித்தாள், முருகையன் அடித்தான், இருசப்பன் அடித்தான். நானும் அடித்தேன். மூணு பௌர்ணமிக்குப் பாதைக்குப் போகமாட்டேன்.

முடிந்ததும் முருகையனுக்கு ஒரு குசும்பு. "நாங்க பண்ணிட்டோம். நீங்க இன்னா சத்தியம் பண்றீங்க மேடம்?"

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. தானே ஒரு வில்லையை எடுத்து வைத்துக் கொளுத்தினாள். "எது வந்தாலும் உங்க நாலு பேர்ல ஒருத்தரையும் முதலாளிகிட்ட நான் விட்டுக் குடுக்க மாட்டேன்" என்று சொல்லி உள்ளங்கையை வைத்தாள். பழக்கமில்லாத கை. அடித்து எடுக்கத் தெரியாமல் அழுத்தி வைத்துவிட்டாள். கொப்புளம் ஒரு வாரம் இருந்தது.

மாசி பௌர்ணமி நல்லபடியாகப் போனது. வெளியூரில் இருக்கிற நாங்கள் சாயங்காலம் நாலு மணிக்கு அந்தந்த ஊர் பூத்திலிருந்து ஆபீசுக்குப் போன் செய்ய வேண்டும் என்பது அவள் ஏற்பாடு. எந்த ஊர், எத்தனை கடை, எது தீர்ந்துபோனது. இந்த மூன்றுதான் கேட்பாள் என்று நினைத்தேன். நான் செங்கத்திலிருந்து செய்தபோது முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்தாள். நேரில் கறாராகப் பேசுகிற பெண்ணுக்குப் போனில் குரலே வேறாக இருந்தது. மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகு, "சாப்பிட்டீங்களா அண்ணே?" என்றாள். இன்னும் கொஞ்சம் பேசமாட்டேனா என்று காத்திருக்கிற மாதிரி இருந்தது. நான் மீட்டர் ஓடுது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பங்குனியில் இன்னும் நன்றாக இருந்தது. கடைக்காரர்களே கேட்டு வாங்கினார்கள். பஸ் ஏறுகிற ஜனத்தின் பையில் எங்கள் பாக்கெட்டை என் கண்ணால் பார்த்தேன். ராஜமாணிக்கம் கண்ணாடி அறைக்குள் வந்து மேப்பைப் பார்த்துத் தலையாட்டினார். மிச்சம் இருந்தது சித்திரை ஒன்றுதான்.

சித்ரா பௌர்ணமி என்றால் மற்ற பௌர்ணமி மாதிரி கிடையாது. ஊரே தாங்காது. அதற்கு ஒரு வாரம் முன்னால், என் புளியமரத்தடியில் அந்தப் பழைய பூக்காரன் இரண்டு பௌர்ணமியாக உட்கார்ந்திருக்கிறான், இந்த முறை கீற்றுப் பந்தலே போட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். வயிறு எரிந்தது. ராத்திரி தூக்கமில்லை. மூன்று பேர் ஒழுங்காக ஊரில் இருக்கும்போது நான் ஒருத்தன் இல்லாவிட்டால் குடி முழுகிவிடுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பௌர்ணமி அன்று காலை செங்கத்துக்கென்று கொடுத்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் வாசலில் இறங்கினேன். வினோதினி கதவுவரை வந்து, "நாலு மணிக்குப் போன் பண்ணுங்க அண்ணே. இன்னிக்கு ஒரு நாள்தான்" என்றாள். சரி மேடம் என்றேன். செங்கம் பஸ்ஸில் ஏறாமல் நேராக அடி அண்ணாமலை போனேன்.

பூக்காரனைக் கத்தி விரட்டி, சாக்கை விரித்து உட்கார்ந்து, அரை மூட்டை விற்றிருப்பேன். மூன்றரை மணி இருக்கும். மதகுக்கு அந்தப்பக்கம் தெரிந்த குரல். காசியம்மாள். கலசபாக்கத்தில் இருக்க வேண்டியவள், கூடை நிறையக் கற்பூரத்தோடு நின்று கூவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்தாள்.

"நீ செங்கத்துல இருப்பேன்னு நெனச்சேன்" என்றாள்.

"நீ கலசபாக்கத்துல இருப்பேன்னு நெனச்சேன்."

"முருகையனும் அந்தாண்ட லிங்கம் கோயிலாண்டதான் நிக்கிறான். இருசப்பன் அவனைப் பார்த்துட்டு எங்கியோ ஓடிட்டான்."

மற்ற மூன்று பேர் இருக்கிறார்கள் என்று நாலு பேரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டு வந்திருக்கிறோம். நாலு மணி ஆயிற்று. பக்கத்தில் ஒரு போன் பூத் இருந்தது. செங்கத்திலிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடலாம், என் ஒருத்தன் கணக்காவது நேராகும் என்று ஓடிப்போய் எண்ணைச் சுழற்றினேன். முதல் மணிக்கே எடுத்தாள்.

"சொல்லுங்க. யாரு? எந்த ஊர்ல இருக்கீங்க?"

பின்னால் அரோகரா என்று ஜனம் போய்க்கொண்டிருந்தது, ஒரு பஸ் ஓயாமல் ஹாரன் அடித்தது. ரிசீவரை உள்ளங்கையால் பொத்தினேன். கற்பூரம் அடித்த அதே கை.

"ஹலோ? சரியா கேக்கல. நாலு ஆயிடுச்சு, ஒருத்தரும் பண்ணலையேன்னு பார்த்துக்கிட்டே இருக்கேன். யாரு பேசறது? சாப்பிட்டீங்களா?"

வைத்துவிட்டேன்.

அன்று ராஜமாணிக்கமும் மலை சுற்ற வந்திருக்கிறார். தன் கம்பெனி பாக்கெட் பாதையில் நாலு இடத்தில் விற்பதை அவரே பார்த்திருக்கிறார். மறுநாள் காலை எங்களைக் கண்ணாடி அறையில் வரிசையாக நிறுத்தினார். மூன்று கடைக்காரர்கள் காலையிலேயே போன் செய்து ஆள் வரவில்லை என்று திட்டியிருக்கிறார்கள்.

"நாலு பேரும் பாதையில. இன்னா இது?"

வினோதினி நாற்காலியிலிருந்து எழுந்தாள். எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. "நான்தான் சார் அனுப்பிச்சேன். சித்ரா பௌர்ணமிக்குக் கூட்டம் ஜாஸ்தி, ஒரு தடவை பாதை வியாபாரத்தையும் பார்க்கலாம்னு நான்தான் முடிவு பண்ணேன். அவங்க வேணாம்னு சொன்னாங்க."

ராஜமாணிக்கம் நம்பினாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒருவர் வாயைத் திறந்திருந்தால் போதும். நாலு பேர் வாயிலும் கொழுக்கட்டை.

"அப்ப தப்பு உங்களுது."

"ஆமா சார்."

"ரெண்டு மாசம் வந்ததைப் பார்த்தா திட்டம் சரியாத்தான் இருக்குது. ஆளுங்களுக்கும் வேலை தெரிஞ்சுபோச்சு. நீங்க கெளம்பலாம்மா."

அவள் குண்டூசி டப்பாவை மேசைமேல் வைத்தாள். டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டாள். வெளியே போகும்போது கிடங்கில் பாக்கெட் போடுகிற பெண்களிடம் மட்டும் வரேன் என்று சொன்னாள். கொடுத்த சத்தியத்தை அவள் ஒருத்திதான் காப்பாற்றினாள். நாங்கள் அன்று மத்தியானமும் அட்டைப் பெட்டிக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டோம். தின்றோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

வயதில் மூத்தவன் என்று என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார். அதற்குப் பிறகு நாலு பேரில் ஒருவரும் பாதைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவள் திருத்திய அட்டைகளையே பார்த்து வேலை செய்தோம். செய்யாறு, வந்தவாசி என்று ஊர் ஏறியது, வேன் வந்தது, மாசச் சம்பளம் வந்தது. முருகையனும் இருசப்பனும் என்னோடு முன்போலப் பேசுவதில்லை. நான் கண்ணாடி அறைக்குப் போய்விட்டேன் இல்லையா? ஒரு நாள் டிபன் பாக்ஸோடு கிடங்குக்குப் போனேன். பேச்சு நின்றது. காசியம்மாள் மட்டும் "உக்காருங்க சார்" என்றாள். என்னைச் சார் என்று அவள் அதற்கு முன்னால் சொன்னதே இல்லை. போன் வந்தாலும் வரும் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. அன்றிலிருந்து சாப்பாடு எனக்கு அவ்வளவாக இறங்குவதில்லை.

அவளைத் தேடிப் போக நூறு முறை கிளம்பியிருப்பேன். வேங்கிக்காலில் அவள் அறை ஆபீசிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வருவேன். என்ன முகத்தை வைத்துக்கொண்டு போவது? ஒரு வருஷம் கழித்து அந்த அறையில் வேறு யாரோ குடி வந்திருந்தார்கள்.

2004இல், செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் புதிதாகத் திறந்த ஒரு விடுதியிலிருந்து, மாதாமாதம் கற்பூரமும் ஊதுவத்தியும் வேண்டும் என்று ஆளனுப்பினார்கள். நானே போனேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, மணி இரண்டு இருக்கும். முன்னறையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். சாவியை வாங்கி மாட்டிவிட்டுத் திரும்பியது வினோதினி. காதோரம் நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தாள்.

"அப்பாசாமி அண்ணே" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

உட்காரச் சொல்லி டீ கொண்டுவரச் சொன்னாள். மற்ற மூன்று பேரையும் பெயர் சொல்லி விசாரித்தாள். காசியம்மாள் மூட்டு வலியைக்கூட ஞாபகம் வைத்திருந்தாள். கல்யாணம் ஆகவில்லை, இந்த விடுதியிலேயே பின்பக்கம் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள் என்றாள். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்குது அண்ணே. அன்னிக்கு நாலு மணிக்கு ஒரு போன் வந்துச்சு. எடுத்தேன், பேசல. அது நீங்கதானே?"

"நான்தான் மேடம்."

"எனக்குத் தெரியும்." மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பின்னாடி பஸ் சத்தம் கேட்டுச்சு. செங்கம் பஸ் ஸ்டாண்டுதான்னு அப்பவே நெனச்சேன். நாலு பேரும் பாதையிலன்னு சார் சொன்னப்பகூட நான் நம்பல. ஒருத்தர் சொன்ன ஊருக்குப் போயிருக்காரு, மத்தவங்களக் காட்டிக் குடுக்க மனசு வராம சும்மா நின்னாருன்னு நெனச்சேன். சார் பார்த்தது நீங்க சாயங்காலம் திரும்பி வந்த பெறகா இருக்கும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அதுக்கப்புறம் ஒரு வருஷம் வேலை இல்லாம ரூம்லயே கெடந்தேன் அண்ணே. யாரும் வரல. வரணும்னு இல்ல. ஒருத்தராவது நாம சொன்ன எடத்துல போய் நின்னாரே, நாம சொல்லிக் குடுத்தது மொத்தமும் வீணாகல, அப்படின்னு நெனச்சுக்குவேன். அத நெனச்சாத்தான் சோறு எறங்கும்."

செங்கம் இல்லை, அடி அண்ணாமலை என்று சொல்ல வேண்டும். நாலே வார்த்தை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம், செங்கத்தில் போய் நின்ற அந்த ஓர் ஆளோடுதான் அவள் குடித்தனம் பண்ணியிருக்கிறாள், அவனையும் நான் இப்போது பிடுங்குவதா? குனிந்து டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் ஒரு வில்லையைக் கொளுத்தி வைத்துச் சத்தியம் பண்ணுங்கள் என்று கேட்டிருந்தால் அதையும் அடித்து அணைத்திருப்பேன்.

அவள் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மாதம் எத்தனை பாக்கெட் வேண்டும் என்று சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன். பையை எடுத்து வாசலுக்கு வந்தபோது பின்னாலேயே வந்தாள்.

"சாப்பிட்டீங்களா அண்ணே?"

சாப்பிட்டேன் மேடம் என்றேன். அதுவும் பொய்.